வசந்தாவுக்குப் பாடு போட்ட கதை

மூன்று தடவை போயும் வாயைத் திறக்காத வசந்தா, நான்காம் தடவை என் படகு கரை தட்டுவதற்குள் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தாள். "டீச்சரம்மா, இவளுங்ககிட்டேருந்து என்னைக் காப்பாத்து."

நான் டீச்சர் அல்ல. எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னை ஆஸ்பத்திரி ஒன்றின் மனநலப் பிரிவில் சோஷியல் ஒர்க்கர். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் அப்படியொரு உத்தியோகம் இருப்பதை யாரும் நம்பவில்லை. கண்ணாடியும் கையில் நோட்டும் இருந்ததால் டீச்சர்.

வசந்தா (பெயரை மாற்றியிருக்கிறேன்) மீன் வியாபாரி ஒருவனின் பாலியல் வன்முறைக்கு ஆளானவள். வழக்கு பொன்னேரி கோர்ட்டில் இருந்தது. தூக்கம், பேச்சு, ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பது, மூன்றும் அவளை விட்டுப் போயிருந்தன. அவற்றை மீட்டுத்தர என்னிடம் இருந்தவை ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகமும் நாற்பது கேள்விகள் கொண்ட ஃபாரமும். ஃபாரம் ஒவ்வொரு முறையும் வெள்ளையாகவே ஊர் திரும்பியது. அந்த எரிச்சலில், போன தடவை குப்பத்துப் பெண்களைக் கூட்டி, "வசந்தாவைத் தனியா விடாதீங்க" என்று உத்தரவு போட்டுவிட்டுப் படகேறியிருந்தேன். பெரிய சிகிச்சை செய்துவிட்ட நினைப்பு வேறு.

அங்கே ஏரியில் எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஆண்கள் சமாச்சாரம்தான். ஆனால் என் உத்தரவைக் கேட்ட பெண்கள் வசந்தாவுக்குப் பாடு போட்டுவிட்டார்கள். நாளுக்கு ஒரு வீடு. இன்னொருத்தி முறையில் எட்டிப் பார்த்தால் சண்டை.

"சவுக்குத் தோப்புக்கு ஒதுங்குனாலும் பின்னாலயே வர்றாளுங்க. திரும்பி நில்லுக்கான்னா, டீச்சரம்மா உத்தரவுன்றாங்க" என்றாள் வசந்தா.

சீட்டுக் குலுக்கிய தாயம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா டீச்சரம்மா, நீ சொன்னதைத்தானே செஞ்சோம்? நேத்து என் முறை. இவ தூங்குறாளான்னு மணிக்கொரு தபா எழுப்பி எழுப்பிப் பார்த்தேன்!"

"அதான், வந்த தூக்கமும் போச்சு."

சமாதானமாக ஒரு சொற்பொழிவைத் தொடங்கினேன். தாயம்மாள் அதை ஒதுக்கிவிட்டு வசந்தாவிடம் திரும்பினாள். "அப்போ உனக்கு இன்னாதான் வேணும்? அதையாச்சும் சொல்லித் தொலை."

என் நாற்பது கேள்விகளில் அந்தக் கேள்வி இல்லை. அவளுடைய விருப்பத்தைத்தான் ஒருவன் மிதித்திருக்கிறான், அதை அவள் கையில் திருப்பித் தருவதே சிகிச்சை என்று புத்தகத்தின் முதல் அத்தியாயமே சொல்கிறது. சிவப்பு மையில் அடிக்கோடு போட்டவளும் நான்தான்.

வசந்தா ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "இனிமே பாடு நான் போடறேன். கோர்ட்டுக்குத் தாயம்மாக்கா வரட்டும். எறாலுக்கு யாராச்சும் ஒருத்தர், பத்தடி தள்ளி. தோப்புக்கு ஒருத்தியும் வரக்கூடாது."

"அப்ப நான்?" என் குரல் எனக்கே பரிதாபமாகக் கேட்டது.

"செவ்வாக்கெழமை. அந்தக் காயிதம் வேணாம். நீயும் பேசக்கூடாது."

பேசிச் சம்பளம் வாங்கியவள், இரண்டு செவ்வாய்க்கிழமைகள் கரையில் வாய் மூடி உட்கார்ந்தேன். பத்தடி தள்ளி தாயம்மாள் நிற்க, வசந்தா இடுப்பளவுத் தண்ணீரில் இறால் தடவினாள். மூன்றாம் செவ்வாய், கூடையை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லட்டா?"

சந்தோஷத்தில் நான் பேசியே கெடுத்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று. தாயம்மாள் கேட்ட 'உனக்கு இன்னாதான் வேணும்' என்பதை அன்றைக்கே ஃபாரத்தின் அடியில் நாற்பத்தொன்றாவது கேள்வியாக எழுதினேன். ஊர் திரும்பும் ரயிலில், அதை அடித்துவிட்டு முதல் கேள்வியாக்கினேன்.