பழைய பேப்பர் லாரி வருவதற்குள்

எங்கள் வீட்டு டிவிடி பெட்டிக்கு என் மனைவி ஒரு வாரம் கெடு வைத்தாள். தொலைக்காட்சிக்குக் கீழே அது, இரண்டு பக்கமும் இடுப்புயர ஸ்பீக்கர்கள். அவள் ஆசைப்பட்ட மீன் தொட்டிக்கு இடமே இல்லை.

"இந்தக் காலத்துல யாருங்க தட்டு போட்டுப் படம் பாக்குறா? சனிக்கிழமை லாரி வந்தா தூக்கிக் கொடுத்துருவேன்."

அவள் சொன்னது, ஒலிபெருக்கியில் 'சூராட் காபார் லாமா' என்று மலாயில் ராகம் போட்டபடி கெலுகோர் அடுக்குமாடிகளைச் சுற்றி வந்து பழைய பேப்பரும் பழுதான சாமானும் வாங்கிப்போகும் லாரியை. நான் கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு சலுகை கிடைத்தது. அதற்குள் ஏதாவது ஒரு படத்தை அவள் தூங்காமல் கடைசிவரை பார்த்துவிட்டால் பெட்டி பிழைக்கும்.

லேசான காரியமில்லை அது. விடிவதற்கு முன் பாலம் தாண்டிப் பத்து காவான் என்ற ஊரிலுள்ள தொழிற்சாலைக்குக் கார் ஓட்டிப் போய் வருகிறவள். சோபாவில் சாய்ந்தால், படத்தில் நடிகர்கள் பெயர் ஓடி முடிவதற்குள் இவள் கனவில் அடுத்த படம் ஆரம்பித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் பாசாருக்கு ஓடினேன். தரையில் தார்ப்பாய் விரித்துத் தட்டுகளைக் குவித்திருந்த அண்ணன் எனக்குப் பழக்கம். அவர் வாயிலிருந்து விழுவதைக் கேட்கவே இன்னும் நாலு தட்டு கூட வாங்கலாம்.

"இதெல்லாம் ஓடுமாண்ணே?"

"ஓடலேன்னா கொண்டாங்க தம்பி, ஓடாத வேற ஒண்ணு மாத்தித் தர்றேன்."

ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை பேய்ப்படம். பேய் வந்த நேரத்தில் இவள் விட்ட குறட்டைக்குப் பேய்தான் பயந்திருக்கும். காலையில் காப்பி ஆற்றிக்கொண்டே, "அந்தத் தம்பிதானே கொலைகாரன்? எனக்குப் பாதியிலேயே தெரிஞ்சிருச்சு" என்றாள். படத்தில் கொலையே கிடையாது. மறுநாள் அட்டையில் காதல் ஜோடி. உள்ளே இருந்த தட்டோ கெளுத்தி மீன் வளர்ப்பது எப்படி என்று மலாயில் பாடம் நடத்தியது. அன்றைக்குத்தான் கொஞ்சம் கூடுதலாக விழித்திருந்தாள். அதுதான் எனக்கு வலித்தது. புதனும் வியாழனும் வந்த அடிதடிப் படங்கள் அவளுக்குத் தாலாட்டு.

வெள்ளிக்கிழமை பையில் மிஞ்சியது ஒரு சீனப் படம். போட்டால், சத்தமே வரவில்லை. கீழே மலாய் எழுத்து மட்டும் ஓடுகிறது. எனக்கோ அதில் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். பெட்டியின் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"என்னாம்மா சொல்றான் அவன்?"

கொட்டாவி விட்டபடி படித்துச் சொன்னாள். மீ என்கிற நூடுல்ஸ் விற்கும் கடை ஒன்றுக்காக அண்ணன் தம்பி சண்டை. அடுத்த வரியைக் குரல் மாற்றிச் சொன்னாள். அதற்கடுத்த வரிக்கு எழுந்து உட்கார்ந்தாள். அண்ணன்காரன் மேசையைக் குத்தியபோது இவளும் குத்தினாள்.

"கடை என்னோடது! மரியாதையா வெளிய போறியா, இல்ல மூட்டை மாதிரி தூக்கிப் போடவா?"

கதவுக் கம்பியில் தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு அக்கா, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டபடி நின்றார்.

"ஏம்மா, தம்பியத் தொரத்துறியா? நல்ல ஆளு லா அவரு. சாப்பாடு கூட கேக்க மாட்டாரு."

விஷயம் தெரிந்ததும் உள்ளே வந்து சோபாவில் இடம் பிடித்துக்கொண்டார். "எனக்கும் ஒரு ஆளக் குடு." மாமியார் வேடம் கிடைத்தது. வாயே திறக்காத அந்தச் சீன மாமியார், அக்கா தயவில் மருமகளை விளாசித் தள்ளினாள்.

கடைசிக் காட்சியில் அண்ணனும் தம்பியும் கட்டிப் பிடிக்கும்போது, திடீரென்று ஸ்பீக்கர் உயிர்பெற்றது. அண்ணன்காரனின் உண்மைக் குரல் கீச்சென்று வந்தது.

"சீ, என்னாங்க இவன் குரல் இப்படி இருக்கு? பொருந்தவே இல்ல. சத்தத்த அடைச்சுருங்க" என்றாள் மனைவி.

அடைத்தேன். அவளே பேசி, அவளே அழுது, முடித்துவைத்தாள்.

இருந்தும் சனிக்கிழமை லாரியின் ராகம் கேட்டதும் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ராத்திரி கொடுத்த வாக்கைக் காலையில் மறப்பது எங்கள் வீட்டில் சகஜம். அவள் மாடியிலிருந்து கூவி, லாரிக்கார அண்ணனை மேலே அழைத்துவிட்டாள்.

"எதக்கா எடுக்கணும்?"

அவள் விரல் பெட்டியைத் தாண்டி ஸ்பீக்கர்களைக் காட்டியது.

"இந்த ரெண்டையும். நாங்களே பேசிக்குவோம்."

ஸ்பீக்கர் இருந்த இடத்தில் இப்போது மீன் நீந்துகிறது. மறுநாள் பாசாருக்குப் போய்த் தட்டு விற்கும் அண்ணனிடம் கேட்டேன், சத்தம் வராத தட்டு இருக்கிறதா என்று. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அது வெல கூட லா தம்பி."