ஐந்தரை மணிச் சாப்பாடு

போர்வை அலமாரியில், துவைத்த துணிகளுக்குப் பின்னால் ஒரு சின்ன டிபன் பாக்ஸ். திறந்தால், பாதி சாப்பிட்ட தயிர்சாதம். திருவண்ணாமலை ஆஸ்பத்திரி ஒன்றில் பெண்கள் வார்டுக்கு நான் தலைமை நர்ஸாக இருந்த காலம் அது. யாருடையது என்று விசாரிக்கவே தேவையில்லை. புதிதாகச் சேர்ந்த ஒப்பந்த நர்ஸ், நோயாளிகளைப் பார்க்கக் கூட்டம் குவிகிற ஐந்தரை மணிக்குத்தான் பத்து நிமிடம் காணாமல் போவாள். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். "மகாராணி டயட்ல இருக்காங்க மேடம், எட்டு மணிக்கு நம்மகூட சாப்பிட மாட்டாங்க" என்று மற்றவர்கள் கிண்டலடிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இரண்டு முறை எச்சரித்துவிட்டு, மேலிடத்துக்குக் கடிதமும் எழுதி வைத்துவிட்டேன். அது போனால் அவளுக்கு வேலை போய்விடும். அவளுக்கும் அது தெரியும்.

கார்த்திகை மாதம், சீக்கிரமே இருட்டிவிடும். கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து ஓர் அம்மா காலில் புண்ணோடு அன்று மதியம் வந்து சேர்ந்திருந்தார், சர்க்கரை நோயாளி. ஏழு மணிக்குச் சாப்பாட்டு வண்டி வரும். அதற்கு அரை மணி முன்னால் இன்சுலின் போடுவோம். ஊசியோடு நான் குனிந்தபோது அந்த ஒப்பந்த நர்ஸ் என் கையைப் பிடித்துவிட்டாள். என் கையை!

"போடாதீங்க மேடம். இந்தம்மா இப்ப சாப்பிட மாட்டாங்க."

"உனக்கு இன்னா, ஜோசியம் தெரியுமா?"

"அவங்க ஜெயின் வீட்டுக்காரங்க. பொழுது சாஞ்சா பச்சத்தண்ணிகூட குடிக்க மாட்டாங்க. வெறும் வயித்துல ஊசி போட்டா சர்க்கரை ஒரேயடியா எறங்கி மயக்கமாயிடும்." குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எங்க வீட்லயும் அப்டித்தான் மேடம்."

அந்த அம்மா தலையாட்டினார். "வந்தப்பவே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேம்மா."

டாக்டரை வரவழைத்து மருந்தை மாற்றினோம். தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் லீவு கேட்டு மல்லுக்கு நிற்பவர்கள் நாங்கள். இதே மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற தமிழ் ஜெயின்கள் எப்போது சாப்பிடுவார்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே! "ஏன்டி இத்தனை நாளா சொல்லல?" என்றேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் சொல்லிப் பார்த்தாளாம், தினமும் கிண்டல்தான் மிச்சமாம். எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் ஐந்தரைக்கு, வழக்கம்போல போர்வை அலமாரி இருக்கும் அறைக்குப் போனவளைக் கூப்பிட்டு நர்ஸ்கள் மேஜையில் உட்கார வைத்தேன். கிண்டலடித்தவர்களே பைகளை நகர்த்தி இடம் கொடுத்தார்கள். அந்த வாரமே, வருகிற ஒவ்வொரு நோயாளியிடமும் சாப்பாட்டு நேரம், விரதம், நோன்பு எல்லாம் கேட்டு எழுதும் வழக்கம் எங்கள் வார்டில் தொடங்கியது. அந்தக் கேள்விகளை எழுதிக் கொடுத்தவள் அவள்தான். பிறகு மற்ற வார்டுக்காரர்களும் வந்து வாங்கிப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

நான் ஓய்வுபெற்றுவிட்டேன். இப்போது என் நாற்காலியில் அவள்தான். போன வாரம் ரத்த அழுத்தம் பார்க்கப் போயிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளோ என்னவோ, முக்காடு போட்ட ஒரு பெண் டியூட்டி பட்டியலைப் பார்த்தபடி எதையோ சொல்லத் தயங்கி நின்றாள். அவள் வாய் திறப்பதற்குள் இவள் கேட்டுவிட்டாள்:

"நோன்பு மாசம் வருதே, உனக்கு எந்த டியூட்டி வசதிம்மா?"

நான் கேட்காமல் விட்ட கேள்வி. வாசலில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.