கட்டைவிரல் பள்ளம்

குருநகர்க் கரையில் பைபர் படகு திருத்துகிறவர்களில் என் மனுசன் றோயைப் போல ஒரு விடாப்பிடிக்காரர் இல்லை. படகில் குண்டூசி முனையளவு துளை இருந்தாலும் அதை அடைக்காமல் சாப்பிட வரமாட்டார். சோறு ஆறிப்போகும், நான் கத்துவேன், அவர் தலையை ஆட்டிக்கொண்டே தேய்த்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவர் போன வருடம் ஆவணியில் சுன்னாகத்துப் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பேஸ் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். எனக்கு வந்ததே கோபம்! கறள் பிடித்த கம்பி, வளைந்த கழுத்து, விறகுக்குக்கூட உதவாத சாமான் என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

அவர் பதிலுக்கு ஏசவில்லை. தடித்த கம்பிக்கு மேலே, பெயின்ற் போய் மரம் தெரிந்த ஒரு சின்னப் பள்ளத்தில் என் கட்டைவிரலைப் பிடித்து வைத்தார்.

"அண்ணையின்ரை," என்றார்.

அவருடைய தமையன் லியோன் கடற்தொழிலாளி. கல்யாண வீடு, பெருநாள் என்றால் இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிப்பார். கட்டைவிரலை அந்த இடத்தில் ஊன்றிக்கொண்டு மற்ற விரல்களால் கம்பியை இழுப்பார். இருபது வருடம் ஊன்றியதில் மரமே தேய்ந்துவிட்டது. பதினொரு வருடத்துக்கு முதல் கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அடுத்த வருடமே அவர் மனைவி யசிந்தா அக்கா கிற்றாரை விற்றுவிட்டார். பிள்ளைகள் பசியோடு இருக்க கிற்றாரையா கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க முடியும்?

நவம்பர் இரண்டாம் திகதி, ஆத்துமாக்கள் நாளில், ஊர்ச்சனம் முழுவதும் சேமக்காலைக்குப் போய் அவரவர் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தும். அக்காவுக்கு ஒரு கல்லறையும் இல்லை. நடுச் சிலுவையடியில் கொளுத்திவிட்டு, மற்றவர்கள் குடும்பம் குடும்பமாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு தனியே நிற்பார்.

"இந்தமுறை மச்சாளின்ரை கையிலை அண்ணையின்ரை ஏதாவது இருக்கோணும்," என்றார் றோய்.

வேலையால் வந்து, மேல் கழுவிய கையோடு கிற்றாரோடு குந்திவிடுவார். கழுத்தை நிமிர்த்தினார். முறுக்காணிகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார், இற்றுப்போன வயர்களை மாற்றினார். உடம்புப் பலகைதான் மிச்சம். அது பெயின்ற் வெடித்து, சொறி பிடித்த நாய் மாதிரிக் கிடந்தது. இப்படியே கொடுத்தால் மரியாதையில்லை, படகைப் போலப் பளபளவென்று ஆக்குங்கள் என்று நான் நச்சரித்தேன். அவரும் படகுக்குச் செய்வதுபோலவே தேய்த்துக்கொண்டு வந்தார். பள்ளத்துக்குக் கிட்ட வந்ததும் கை நின்றது. விரலை அதற்குள் வைத்தார்.

"அதைக் கண்டா அக்கா அழுவா. அடைச்சுவிடுங்கோ," என்றேன்.

அடைத்தார். கறுப்புப் பூசி, கண்ணாடி மாதிரி மினுக்கினார்.

ஆத்துமாக்கள் நாள் காலையில் அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டோம். கிற்றாரை மடியில் வைத்துப் பார்த்தார். நல்ல வடிவாய் இருக்கிறதென்று மெச்சினார். பிறகு அவருடைய கட்டைவிரல் தடித்த கம்பிக்கு மேலே எதையோ தேடியது. வழுக்கியது. திரும்பவும் தேடியது.

"தம்பி, இது அவரின்ரைதானோ?"

"ஓம் மச்சாள்."

"அப்ப அவரின்ரை விரல் இருந்த இடம் எங்கை?"

றோயின் முகம் செத்துப்போயிற்று. திருப்பித் தோண்டித் தருகிறேன் என்று உளியை எடுக்க ஓடினார். அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாம் தம்பி. நீ தோண்டினா அது உன்ரை விரல்."

அக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்போம். கிற்றாரை மெதுவாகச் சுவரோடு சாத்திவிட்டுப் போனார். அன்று பின்னேரமும் நடுச் சிலுவையடியில்தான் மெழுகுதிரி கொளுத்தினார்.

கிற்றார் இப்போதும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அடைக்கச் சொன்ன பாவி நான். றோய் அதை அக்காவிடம் சொல்லவே இல்லை. என்னிடமும் அதைப்பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. இப்போது படகில் துளை கண்டால், அடைக்க முதல் அதில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருக்கிறார். சோறு ஆறிப்போகிறது. நான் கத்துவதில்லை.