நாங்கள் பார்க்க, அவர் கேட்டிருந்தார்

என் மூத்த பேரன் கனடாவில் பொறியியலாளன். அவன் தங்கை டொக்டர், கலியாணமும் ஆகிவிட்டது. கடைக்குட்டி, ஓட்டத்தில் வென்ற கிண்ணத்தைத் தூக்கமாட்டாமல் தூக்கி நிற்கிறாள். இதையெல்லாம் உரும்பிராயில் இருந்தபடியே எனக்குக் காட்டியவர் இராசையா. வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் வீடியோ கசற்றுகளை வீடுவீடாகப் போட்டுக் காட்டிய அவர், சந்தையடியில் விழுந்த குண்டில் போய்விட்டார் என்று அவருடைய மைத்துனர் என் வாசல் படலையில் நின்று சொன்னார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டுப் புத்தகத்துக்கு எழுதித் தரும்படி அவர் மனைவி கேட்டதால் எழுதுகிறேன்.

கரண்ட் இருந்த காலத்தில் அன்ரனாவைத் திருப்பினால் ரீவியில் இந்தியா தெரியும். பிடிக்காவிட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவோம். சண்டையில் கரண்ட் நின்றபின், இராசையா ரீவிப் பெட்டியையும் கசற் ஓடும் டெக்கையும் ஜெனரேற்றரையும் தள்ளுவண்டியில் கொண்டுவருவார். நாலு வீட்டு மண்ணெண்ணெய் சேர்த்து ஊற்றியது வீணாகலாமா? கசற் முடியும்வரை ஒருவரும் எழும்பமாட்டோம். ஆனால் ஜெனரேற்றர் இரைச்சலில், குண்டுபோட பொம்மர் விமானம் வருவது கேட்காது. அதனால் அவர் தூரத்து வேலியோரம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி இருப்பார்.

"படம் காட்டிறவர் படம் பாக்கிறேல்லையோ தம்பி?" என்று கேலி செய்வேன்.

"நீங்கள் பாருங்கோ அக்கா. நான் கேக்கிறன்."

பேத்தியின் கலியாணக் கசற் ஓடிய மத்தியானம், ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கும்போது இராசையா ஓடிவந்து ஜெனரேற்றரை நிறுத்தினார்.

"அறுவானே, தாலி கட்டிற நேரம் பாத்தோ நிப்பாட்டுறாய்?"

நான் கத்தி முடிக்கமுன் எல்லோருக்கும் பொம்மர் கேட்டது. முற்றத்தில் வெட்டிய பங்கர் குழிக்குள் விழுந்தோம். தலையில் மண் கொட்டியது. இராசையா சொன்னார்: "தாலி அங்கை எப்பவோ கட்டியாச்சு அக்கா. நாங்கள் இங்கை உயிரோடை இருந்தால் காணும்."

அதன்பின் அவர் ஜெனரேற்றரைத் தொடவில்லை. கார் பற்றறியில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டி வந்தது. பேத்தியின் கூறைச்சேலைச் சிவப்பு சாம்பலாகத் தெரிந்தது. ஆனால் வானம் கேட்டது.

அந்தப் பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றத்தான் அன்று சந்தையடிக்குப் போனார். அங்கே சார்ஜ் ஏற்றும் எஞ்சின் இரைந்துகொண்டிருந்ததாம். அவருக்குக் கேட்டுச் சொல்ல அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

"பெட்டியைக் கொண்டுவந்து தரச் சொல்லட்டோ அக்கா?" என்று அவர் மனைவி அழுதழுது கேட்டார்.

"வேண்டாம் பிள்ளை. எனக்குப் பயமாக் கிடக்கு."

பெட்டியில் பேரப்பிள்ளைகளின் முகம் தெரிந்தால் என் காது செத்துவிடும். இனி யார் வேலியோரம் இருப்பார்கள்?

போய் ஆறுதலாக இருங்கள் தம்பி.

பேரப்பிள்ளைகளே, இந்தப் புத்தகம் உங்கள் கைக்கு வந்தால், கசற் அனுப்பவேண்டாம். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடுங்கள். அதை ஒரு கணம் பார்த்துவிட்டு, உடனே நிமிர்ந்து வானத்தைப் பார்க்கலாம்.