விழுந்தவரை மீட்கும் பயிற்சி

‘காற்று மிதம். விழுந்தவரை மீட்கும் பயிற்சி முடிந்தது.’ 1994 பிப்ரவரியில் ஒரு ஞாயிறன்று என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

அடையாற்றுக் கழிமுகத்தில் பாய்மரப் படகு ஓட்டக் கற்ற நாங்கள் நான்கு பேர் அன்று முதன்முறையாகக் கடலுக்குப் போனோம். பயிற்சியாளரின் படகு வெகுதூரம் பின்னால் வந்தது. எங்கள் படகில் சுக்கானைப் பிடித்திருந்தவர் என் கணவர். விழுந்த ஆளாகப் பாவித்து மீட்டுப் பழகுவதற்காகக் காலி டப்பா ஒன்றைத் தண்ணீரில் போடக் குனிந்த நான், படகு சாய்ந்ததில் கடலில் விழுந்துவிட்டேன்.

மிதவைச் சட்டை இருந்தும் மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறியது. படகு கைக்கெட்டும் தூரத்தில் வந்தது, நிற்கவில்லை.

“கோணம் சரியா வரலை. இன்னொரு ரவுண்டு வந்துடறேன். கையை ஆட்டிண்டே இரு” என்றார் கணவர்.

அடுத்த முறையும் கடந்து போனார். “டப்பாவே தேவலை, கத்தாது” என்று அவர் சொல்ல, படகில் யாரோ சிரித்தது கேட்டது. கடைசியில், எங்களோடு வந்த தியாகராய நகர் பல்மருத்துவர் அவரைக் கேட்காமலே கயிற்றை வீசினார்.

நான் படகில் கிடந்து வாந்தியெடுக்கையில் கணவர் மருத்துவரிடம் குறைப்பட்டுக்கொண்டார்: “அவசரப்பட்டுட்டேளே டாக்டர். இந்தத் தடவை கச்சிதமா வந்திருப்பேன்.”

அதன்பின் நான் அவர் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்ததில்லை.

பாயைத் தளர்த்தினால் படகு வேகமிழந்து நின்றுவிடும் என்று ஆற்றிலேயே எங்களுக்குக் கற்றுத்தந்திருந்தார்கள். அது அன்று அவருக்கு மறந்துபோயிற்றா என்பதை நான் இன்னும் கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை.