மாடிக்காரருக்கு மூலம்

திறந்ததை மூடாமல் மாடிக்காரர் ஓர் அடி நகரமாட்டார். குழாய், தீப்பெட்டி, பேனா, படிக்கட்டுக் கதவு, எதுவானாலும் சரி. அடுத்தவர் திறந்து போட்டதையும் போகிற போக்கில் மூடிவிட்டுப் போவார். கீழ்வீட்டில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடி இதைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் வீட்டுக்காரரின் மகள். அவளுக்குப் பார்க்கத்தான் வரும், பேச வராது. அவர் அவளிடம் பேசியதெல்லாம் "நூல்கண்டு உருண்டு வந்துடுச்சு, இந்தாங்க" என்ற ஒற்றை வாக்கியம்தான். அதையே அவள் மனசுக்குள் தேயத் தேய ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவரின் அம்மா ஒருநாள் போனில் பெண் கேட்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அவள் அப்பா, "ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றார். அன்றைக்கு அவள் ஒரு சட்டைக்கு இரண்டு கையும் இடக்கையாகவே வைத்துத் தைத்தாள்.

சனிக்கிழமை காலை மாடிக்காரர் படியில் நின்று போனில் பேசினார். "மூலத்துலதான் சார் கோளாறு. சிவப்பு சிவப்பா வருது. மேலோட்டமா பாத்தா நிக்காது, மூலத்தையே சரி பண்ணணும். நேத்துலேருந்து உக்காந்த இடத்தவிட்டு எந்திரிக்கலை."

கீழே அப்பா பேப்பரை மடித்தார். "கேட்டியாம்மா, மாப்பிள்ளை சங்கதிய?"

"இந்த வயசுலயா மாமா?" அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உக்காந்தே பாக்குற வேலை. வராம என்ன செய்யும்? என் பொண்ணு காலம் பூரா வெந்நீர் வச்சுக் குடுக்கவா? வேணாம்னு சொல்லிடறேன்."

ஊசி அவள் விரலில் ஏறியது. வெந்நீர் வைப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்பதை எந்த வாயால் சொல்வது? "அண்ணி, அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க" என்றாள்.

"மாமா, உங்க பொண்ணு வாயத் திறந்துட்டா! இனிமே கேட்டுத்தான் ஆகணும்."

அப்பா அவரைக் கீழே கூப்பிட்டார். "தம்பி, மறைக்காம சொல்லுங்க. ரொம்ப நாளா இருக்கா?"

"எது சார்?"

"மூலம்."

"அதுவா! வேலைக்குச் சேந்த நாள்லேருந்தே இருக்கு சார்."

அண்ணி சமையலறைக்குள் ஓடினாள்.

"சிவப்பா வருதுன்னீங்களே…"

"ஆமா சார். பதினொரு மொழியிலயும் சிவப்புதான்."

"பதினொரு மொழியிலயா?" அப்பா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். "அது மொழியெல்லாம் பேசுமாய்யா?"

அப்போதுதான் மாடிக்காரருக்கு உறைத்தது. காது வரை சிவந்துபோய் மாடிக்கு ஓடியவர் லேப்டாப்போடு இறங்கி வந்தார்.

துணி துவைக்கும் மெஷின் கம்பெனிக்குக் கையேடு தயாரிப்பது அவர் வேலை. எழுதுவது ஒரே இடத்தில், ஒரே தடவை. அதற்குப் பெயர் மூலம். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி: தலைப்பு இங்கே திறக்கிறது, இங்கே மூடுகிறது. மொழிபெயர்ப்பவர்கள் நடுவில் இருக்கும் வார்த்தையை மட்டும் மாற்றுவார்கள். குறிகள் அப்படியே நிற்கும். அதை வைத்துப் பதினொரு மொழியிலும் புத்தகம் தானாக உருவாகிவிடும். எச்சரிக்கை என்று குறி போட்டால் எல்லா மொழியிலும் சிவப்பு எழுத்து.

"'ஈரக் கையால தொடாதீங்க'ன்னு ஒரு எச்சரிக்கை சார். புதுசா வந்தவர் அங்க திறந்து, புத்தகத்தோட கடைசியில போய் மூடிட்டாரு. மூடாம விட்டா கம்ப்யூட்டரே கத்தும். தப்பான இடத்துல மூடினா அதுக்குத் தெரியாது."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். 'எங்களைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி' என்று கொட்டை எழுத்தில், ரத்தச் சிவப்பில் இருந்தது.

"நன்றியக்கூட இப்படி மிரட்டிச் சொன்னா எவன்யா வாங்குவான்?" அப்பா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "உங்கம்மாவுக்கு நாளைக்கு நல்ல பதிலாவே சொல்றேன், போங்க."

அவர் லேப்டாப்பை மூடினார். அப்பாவின் கண்ணாடிக் கூட்டையும் மூடினார். வாசல்வரை போனவர் திரும்பி அவளைப் பார்த்தார். "உங்களுக்கு…" என்று ஆரம்பித்து அப்படியே நின்றார்.

அவள் ஊசியைப் பார்த்தபடி சொன்னாள்: "திறந்தா மூடணும்."

"உங்களுக்குச் சம்மதமா?"

அவள் தலையாட்டினாள். அண்ணி சமையலறையிலிருந்து கைதட்டினாள்.

இப்போது அவளும் மாடியில் இருக்கிறாள். அவர் மூடட்டும் என்றே நூல் டப்பாவைத் தினமும் திறந்து வைக்கிறாள். மருமகன் என்ன வேலை செய்கிறார் என்று யார் கேட்டாலும் அப்பா, "மூலத்துல வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.