கேள்வி கேட்காத தெரு

கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்து, ஊசியைச் செருகிய பிறகுதான் கஸ்தூரி தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்ப்பாள். "மழைக்கு ஒழுகுதா சார்?" என்பாள். ஊசி ஏறிய கையோடு யாரும் துணிந்து பொய் சொல்ல மாட்டார்கள் என்பது அவள் நம்பிக்கை. தண்ணீர் உப்பா, கரண்ட் அடிக்கடி போகுமா, பக்கத்தில் காலி வீடு உண்டா என்று குப்பி நிறைவதற்குள் எல்லாவற்றையும் கறந்துவிடுவாள். சர்க்கரை எவ்வளவு என்பது சாயங்காலம்தான் தெரியும். தெருவின் யோக்கியதை அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு தனியார் லேபுக்காக ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் பிழைப்பு. வீடு தேட வைத்தது பெயிண்ட் வாசனை. பேகோபுரத் தெருவில் அண்ணன் புகழேந்தியின் மாடி அறையில் பல வருடமாகக் குடியிருந்தாள். அண்ணன் மகனுக்கு ஆவணியில் கல்யாணம். காலி பண்ணு என்று அண்ணி வாய் திறந்து சொல்லவில்லை. கஸ்தூரி வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டு, சுவருக்கு ரோஸ் கலர் அடிக்கச் சொல்லிவிட்டாள். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆக, ஆனி முடிவதற்குள் கிளம்பியாக வேண்டும்.

அலைந்ததில் இரண்டு இடம் தேறியது. ஒன்று ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு மாடி அறை, இன்னொன்று அடி அண்ணாமலையில் ஒரு சின்ன ஓட்டு வீடு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஸ்கூட்டி சூடாவதற்குள் போய்விடலாம்.

ரமணாசிரமம் பக்கத்துத் தெரு அவளுக்கு முதல் பார்வையிலேயே பிடித்துப்போனது. அங்கே குடியிருப்பவர்கள் எல்லாரும் ‘நான் யார்’ என்று தங்களையே தேடி வந்தவர்கள். அடுத்தவளைத் தேட அவர்களுக்கு ஓய்வில்லை. அறையின் சொந்தக்காரர் சகாதேவன் ஆதார் நகலை வாங்கிக்கொண்டார், அதைக்கூடப் படிக்கவில்லை. அடி அண்ணாமலையிலோ ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் மாட்டை விட்டுவிட்டு மதில் ஓரமாக வந்துவிட்டாள். எந்த ஊரு, இன்னா வேலை, எத்தினி பசங்க, வூட்டுக்காரு எங்க. கஸ்தூரி போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

அந்தக் கடைசிக் கேள்விதான் அவளுக்கு ஆகாது. கணவர் முருகவேல் போளூரில் ஹார்டுவேர் கடையும், வேறொரு மனைவியும், இரண்டு பிள்ளைகளுமாகச் சௌக்கியமாக இருக்கிறார். ஆனால் கஸ்தூரியின் வாயில் அவர் உலகம் சுற்றியவர். வேங்கிக்காலில் கேட்டால் குவைத், தேனிமலையில் கேட்டால் கப்பல். அவசரத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் அவரைச் சாகடித்துவிட்டு, அடுத்த மாதம் அதே வீட்டில் அவர் போன் பண்ணியதாகச் சொல்லி, வாத்தியாரின் பிரஷரை ஏற்றியதும் உண்டு. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. வெட்கம் அந்த ஆளுக்கு வர வேண்டியது. விலாசம் தவறி இவளிடம் வந்து தங்கிவிட்டது. கேள்வியே இல்லாத தெருவில் பொய்யும் தேவைப்படாது என்று சகாதேவனுக்குச் சரி சொல்லிவிட்டாள்.

அதே தெருவில், ஹைதராபாத்திலிருந்து வந்து தனியாக இருக்கிற ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் அவளுடைய மாதாந்திர சுகர் கிராக்கி. அந்த வாரம் போனபோது கதவில் ‘மௌனம்’ என்று அட்டை தொங்கியது. எத்தனை தட்டியும் திறக்கவில்லை. எதிர்வீட்டு மாடியில் பாய் விரித்திருந்த இளைஞன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். கீழ்வீட்டு அம்மாள் மெதுவாக வந்து, அவர் இரண்டு நாளாக ஆழ்ந்த தியானத்தில் இருக்கிறார், தொந்தரவு செய்யாதீர்கள் என்றாள்.

"சுகர் பேஷன்ட்டு ரெண்டு நாளு சாப்புடாம உக்காந்தா அதுக்குப் பேரு தியானம் இல்லீங்க, மயக்கம்" என்றாள் கஸ்தூரி. டீக்கடை ஆட்களைக் கூட்டி வந்து கதவை உடைக்க வைத்தாள். மனிதர் குளியலறை வாசலில் இடுப்பு உடைந்து கிடந்தார். உயிர் இருந்தது. உள்ளே முனகல் கேட்டதை அந்தத் தெருவே ஒப்புக்கொண்டது. மந்திரம் என்று நினைத்து மரியாதையாக ஜன்னலைச் சாத்திக்கொண்டார்களாம்.

ஆம்புலன்ஸ் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாளைக்கு இவள் விழுந்தாலும் இதே மரியாதைதான் கிடைக்கும். பயந்துவிட்டாள்.

சகாதேவனிடம் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுநாளே அடி அண்ணாமலைக்குப் போனாள். ஜோதியம்மாள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். "வூட்டுக்காரு எங்கன்னு கேட்டனே, நீ சொல்லவே இல்லியே?"

குவைத் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "போளூர்ல இருக்காருக்கா. வேற ஒருத்தியோட."

ஜோதியம்மாள் முகம் சுளிக்கவில்லை, ஐயோ பாவமும் சொல்லவில்லை. "அவனா போனானா, நீ தொரத்துனியா?"

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. கஸ்தூரிக்குத் தன் குரலே புதிதாக இருந்தது. "நான்தான் பொட்டி கட்டிக் குடுத்தேன்."

"அதானே" என்று ஜோதியம்மாள் அடுத்த கேள்விக்குப் போனாள். சாணி வாசனை ஒத்துக்கொள்ளுமா, பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தியாச்சே, மைக் செட்டுச் சத்தத்தில் தூங்குவாயா, மாதச் சம்பளமா தினக்கூலியா. கஸ்தூரி ஒவ்வொன்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவ்வளவு சுகமாக அவள் பேசி நாளாயிற்று.

ஆனி கடைசியில் சாமான்கள் வந்து இறங்கின. குக்கர் எத்தனை லிட்டர், பீரோ அம்மா வீட்டுச் சீரா என்று மதிலுக்கு மேலாக விசாரணை நடந்துகொண்டிருந்தது. கஸ்தூரி வாசல் கதவைப் பூட்டிப் பார்த்தாள், திறந்து பார்த்தாள். பிறகு வளையத்திலிருந்த இரண்டு சாவிகளில் ஒன்றை நகத்தால் நெம்பிக் கழற்றிக்கொண்டு மதிலருகே போனாள். ஜோதியம்மாள் அதுவரை விசாரிக்காத ஒரே பொருள் அதுதான். அவளுடைய ஈரக் கையை இழுத்து, உள்ளங்கையில் சாவியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.